மாமா எனக்கு என்ன வேண்டும்

அபி,

உன் மாமா எனக்கு என்ன வேண்டும்? இந்தக் கேள்வியை ஆபீசில் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். நாளை மதியத்துக்குள் பதில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எனக்குப் பதில் தெரியவில்லை. பொருளாதாரம் படித்தவள், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்த பதில்களைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவள், இந்த ஒரு வரிக்கு முன்னால் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணப் பெண்ணுக்கு அம்மா எழுதும் கடிதம் இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். போனில் சொன்னால் 'அம்மா, ரொம்ப யோசிக்கிற' என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் தமிழில். நீ பெங்காலியை ஓட்டமாகப் படிப்பாய், தமிழை நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பாய். இதை நிறுத்தி நிறுத்தியே படி. கல்யாணத்துக்கு முன் மகளுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி என்று என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. புத்திமதி சொல்கிறவர்களை நான் நம்பியதும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் உனக்கும் பங்கு இருக்கிறது. சொல்லப் போனால் இதைத் தொடங்கி வைத்தவளே நீதான்.

போன வாரம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அரசு ஊழியர்களுக்கான நெறிமுறைகள் பற்றி. உங்கள் கம்பெனியிலும் வருஷா வருஷம் அப்படி ஒன்று உண்டு என்றும், நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தி முடித்துவிடுவதாகவும் நீ சொல்லியிருக்கிறாய். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எல்லோரையும் நகராட்சி மீட்டிங் ஹாலில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சிங்காடா சமோசாவும் சந்தேஷ் இனிப்பும் வைத்த பெட்டியைக் கொடுத்தார்கள். தில்லியிலிருந்து வந்த ஓர் இளைஞர் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். நல்ல பையன்தான். 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இரண்டு கைகளின் விரல்களையும் கோத்துக் காட்டினார். கோத்த விரல் சண்டையா, சமாதானமா என்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுபீர்தா முணுமுணுத்தார். சுபீர்தா எங்கள் பிரிவில் மூத்தவர், என்னைப் போலவே டெண்டர் கமிட்டியில் இருக்கிறவர், எந்தக் கூட்டத்தையும் கலகலப்பாக்காமல் விடமாட்டார்.

வகுப்பின் முடிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நமக்கு முன்னால் வரும் விண்ணப்பத்திலோ டெண்டரிலோ நம் உறவினர் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உறவினர் என்றால் யார் என்று ஒரு பட்டியல் இருந்தது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய துணைவர்கள். சுபீர்தா எழுந்து நின்று, இந்த ஆபீசில் எல்லோருக்கும் எல்லோரும் தாதா, பெயருக்குப் பின்னால் ஒரு 'தா' போட்டுவிட்டால் அண்ணன், ரோட்டுக்கு இறங்கினால் ஊர் முழுக்க அண்ணன் தம்பிதான், எல்லோரையும் எழுதினால் படிவம் வைக்க இன்னொரு கட்டடம் வேண்டும் என்றார். ஹாலே சிரித்தது. அந்த இளைஞரும் சிரித்துவிட்டு, ரத்தத்தால் அல்லது திருமணத்தால் வந்த உறவு மட்டும் என்றார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் கட்டியிருந்தது பச்சைக் கரை வைத்த தாந்த் கைத்தறிப் புடவை. அது யார் கொடுத்தது என்பது, பரிசுப் பொருள்கள் பற்றிய படம் திரையில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாமா போன பாய்ஃபோட்டாவுக்கு, தங்கை அண்ணனுக்குப் பொட்டு வைக்கும் அந்த நாளுக்கு, கொடுத்த புடவை. முந்தானையை இழுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தால் விளங்கவில்லை.

மாமா எப்படி மாமா ஆனார் என்று உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது நாம் டாக்குரியாவில் இதே வீட்டில்தான் இருந்தோம். கீழ்த்தளத்தில் தபன்தாவும், நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் அவர் மனைவியும் இருந்தார்கள். டாலிகஞ்ச் வீட்டுக்கு அவர்கள் மாறிப் போனது பிறகு. உனக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. நம் வீட்டில் சொல்லிக் கொடுப்பது போலத்தான் உனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம்: கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் மாமா, பேப்பர் போடுகிறவர் மாமா, ஆட்டோ ஓட்டுகிறவர் மாமா. மாடிப்படியில் தபன்தாவைப் பார்த்து நீ மாமா என்றாய். நமக்கு அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். ஆனால் பெங்காலிப் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரரைக் காக்கு என்பார்கள், சித்தப்பா மாதிரி. மாமா என்றால் அவர்களுக்கு அம்மாவின் உடன்பிறந்தவர். நீ தமிழில் சொன்னதை அவர் பெங்காலியில் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. நான்கு ஆண்பிள்ளைகளில் ஒருவர். காளி பூஜை முடிந்து பாய்ஃபோட்டா அன்று ஊரே நெற்றியில் சந்தனப் பொட்டோடு திரியும்போது அந்த நான்கு பேரும் வெறும் நெற்றியோடு வீட்டில் சீட்டு விளையாடுவார்களாம், பௌதி சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் பாய்ஃபோட்டா காலையில் கதவைத் தட்டினார். கஞ்சி போட்ட வெள்ளைப் பஞ்சாபி ஜிப்பா, கையில் இனிப்புப் பெட்டி, ஒரு புடவை. 'உன் பொண்ணு என்னை மாமாங்கிறா. அப்ப நீ எனக்குத் தங்கைதானே. வை' என்று சொல்லிவிட்டு, கேட்காமலே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ உடன்பிறந்தவர்களே கிடையாது. பொட்டு எந்த விரலால் வைக்க வேண்டும் என்பதே தெரியாது. பௌதி எனக்குப் பின்னால் நின்று, இடது கை, சுண்டு விரல் என்று சொல்லிக்கொடுத்தார். வைத்தேன். அன்றிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. நம் வீட்டில் மீன் கிடையாது என்பதால், பாய்ஃபோட்டா அன்று சாம்பார் சாப்பிடுகிற ஒரே வங்காளி நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். தங்கையைப் பெங்காலியில் போன் என்பார்கள். அவர் மாடிப்படியில் நின்று 'போன்' என்று கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, 'மணியே அடிக்கலையே' என்பார். அந்த ஜோக் எத்தனை வருஷம் ஓடியது என்று உனக்குத் தெரியும்.

நம் மொழியில் மாமா என்றால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதை நான் இதுவரை அவரிடம் சொன்னதில்லை. முதலில் கூச்சம். பிறகு, சொல்ல வேண்டிய காலம் போய்விட்டது. உனக்குக் காது குத்திய அன்று ஐயர் தாய்மாமன் எங்கே என்று கேட்டபோது, உன் அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் 'இருக்காரே' என்று அவரை முன்னால் தள்ளினார். நீ அவர் மடியில் உட்கார்ந்தாய். ஊசி உன் காதில் பட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. அதற்குப் பிறகு நான் எந்த வாயால் போய், அது வெறும் மரியாதைச் சொல், உங்களைச் சிலிண்டர்காரரோடு சேர்த்துத்தான் சொன்னாள் என்று விளக்குவேன்?

போன மாசி மாதம் உன் மாமியார் மதுரையிலிருந்து போன் செய்தார். பந்தலில் மாலை எடுத்துக் கொடுக்க, உன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர ஆள் வேண்டுமே என்று, 'பொண்ணுக்குத் தாய்மாமன் உண்டுல்ல?' என்று கேட்டார். உண்டு என்று சொன்னேன். ஒரு மூச்சில் சொன்னேன். அந்த வங்காளிப் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி, சந்தோஷம் என்றார். அங்கே அவ்வளவு சுலபமாக வந்த பதில் இங்கே ஏன் வரவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சம்பந்தியிடம் உண்டு என்று சொன்னால் எனக்கு லாபம், பெண் வீட்டில் ஆள் இருக்கிறது என்று ஆகும். ஆபீசில் உண்டு என்று சொன்னால் நஷ்டம். அப்படியானால் வசதிப்படிதான் எனக்கு அண்ணன் இருக்கிறாரா, இல்லையா? இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இது தப்பு என்றும் காட்ட முடியவில்லை.

சிக்கல் என்ன என்று இன்னும் நேராகச் சொல்லவில்லை. நான் சொத்து வரிப் பிரிவில் இருந்தவரை மாமாவின் தொழிலும் என் வேலையும் எங்கேயும் முட்டவில்லை. அவர் தனியார் கட்டடங்களுக்குக் குழாய் பதிப்பார், கழிவுநீர்க் கால்வாய் கட்டுவார். தை மாதம் என்னைப் பொறியியல் பிரிவுக்கு மாற்றி, மூன்று பேர் கொண்ட டெண்டர் கமிட்டியில் போட்டார்கள். மழைக்கு முன்னால் கால்வாய்களில் தூர் வாரும் வேலைக்கு நாளை மாலை உறைகளைப் பிரிக்கிறோம். விலை மட்டும் பார்ப்பதில்லை, ஆளின் தரம், பழைய வேலை எல்லாவற்றுக்கும் நாங்கள் மதிப்பெண் போட வேண்டும். அதில் ஓர் உறை மாமாவுடையது. அது எனக்கு இன்று காலைதான் தெரியும்.

இன்று ஞாயிறு. கல்யாண வேலை பேச மாமாவும் பௌதியும் வந்திருந்தார்கள். மாலையைச் சென்னையிலிருந்து வரவழைப்பதா, லேக் மார்க்கெட்டிலேயே கட்டச் சொல்வதா என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் பாட்டுக்கு, நகராட்சி வேலைக்கும் இந்தத் தடவை உறை போட்டிருக்கிறேன் என்றார். எந்த வேலை என்று கேட்டேன். சொன்னார். நான் அந்தக் கமிட்டியில் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் ஆபீஸ் விஷயம் வீட்டில் பேசுகிறவள் இல்லை. அவர் இதுவரை வேலை செய்துகொண்டிருந்த பில்டர் பாதியில் நிறுத்திவிட்டார். முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஆட்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலை கிடைத்தால் மழைக்காலம் முழுக்க அவர்களை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள், மறுபடி சேர்ப்பது கஷ்டம். இதை அவர் என்னிடம் சிபாரிசாகச் சொல்லவில்லை. தன் கவலையைத் தங்கையிடம் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

நான் கமிட்டியில் இருப்பதையும் படிவத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எழுதாதே," என்றார். "என் பேப்பர்லயும் அந்தக் கேள்வி இருந்தது. நகராட்சியில உறவுக்காரங்க யாரும் இல்லைன்னு எழுதிட்டேன்."

பௌதி உடனே அவர் பக்கம் திரும்பினார். "வருஷா வருஷம் இவ கையால பொட்டு வச்சுக்கிட்டு, இவ சமைச்சதைச் சாப்பிட்டு, யாரும் இல்லைன்னு எழுதினீங்களா? நல்ல அண்ணன்."

"சட்டத்தைக் கேக்கறாங்க, சட்டப்படி எழுதினேன். என் குடும்பப் பேரும் அவ குடும்பப் பேரும் ஒண்ணா? அப்பா ஒண்ணா? அதில பொய் இல்லையே."

நான் கேட்டேன், "அப்ப கல்யாணத்துக்கு?"

"அது வேற."

"எப்படி வேற?"

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "கல்யாணத்துல யாரும் எங்கிட்ட கையெழுத்துக் கேக்க மாட்டாங்க."

பிறகு கொஞ்சம் கோபமாகவே, தான் ஒழுங்காக வேலை செய்கிறவனா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார். ஒழுங்காகச் செய்கிறவர்தான் என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். "அதைச் சொல்றது நானா இருக்கேனே," என்றேன். அவர் கட்டிய கால்வாயை நான் இன்ஜினியர் கண்ணால் பார்த்ததில்லை. நல்ல மனிதர், அதனால் நல்ல வேலை என்று நானாக எடுத்துக்கொண்டேனா, அல்லது உண்மையிலேயே நல்ல வேலையா? இத்தனை வருஷம் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. இப்போது வந்த பிறகு, அவர் சொல்வதை எல்லாம் வேறு காதால் கேட்பது போல இருக்கிறது. அந்தத் தில்லிப் பையன் மேல் எனக்கு இதனாலேயே கொஞ்சம் எரிச்சல்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் கலையும்போது அவனிடம் தனியாகப் போய்க் கேட்டிருந்தேன். பொதுவாகத்தான் கேட்டேன், அப்போது மாமாவின் உறை பற்றி எனக்குத் தெரியாது. பொட்டு வைத்து வந்த அண்ணன் பட்டியலில் வருவாரா என்று. 'ராக்கி பிரதர் மாதிரியா மேடம்?' என்று கேட்டுவிட்டு யோசித்தான். பட்டியலில் வரமாட்டார், ஆனால் கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி இருக்கிறது, அவரால் உங்கள் முடிவு மாறும் என்று தோன்றினால் அதில் எழுதுங்கள் என்றான். மாறாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தால்? அப்போதும் எழுதுங்கள், நல்லதுதானே என்றான். மாறும் என்றாலும் எழுது, மாறாது என்றாலும் எழுது. அப்படியானால் என்னை எதற்குக் கேட்கிறான்?

அவர்கள் போன பிறகு உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் இதைவிடப் பெரிய படிவங்களைப் பார்த்தவர். "அண்ணன்னு எழுது, இல்லேன்னா எழுதாத. ரெண்டுல ஒண்ணு. இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக் கெடக்கு?" என்றார். ரெண்டும் பொய் மாதிரி இருக்கிறதே என்றேன். "அப்ப ரெண்டும் நெசம்தான்," என்று சொல்லிவிட்டு, அழைப்பிதழ்களில் முகவரி எழுதப் போய்விட்டார். ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு வரியை நிரப்ப முடியாதே.

எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் கமிட்டியிலிருந்து விலக வேண்டும். அதோடு நிற்காது. நான் உண்டு என்று எழுதியதையும் அவர் இல்லை என்று எழுதியதையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சட்டப்படி அவர் எழுதியது தப்பில்லை, ஆனால் ஆபீசில் எல்லோரும் சட்டப்படி பேச மாட்டார்கள். ஒரு காண்ட்ராக்டருக்கு அந்தப் பேச்சு போதும். எழுதாவிட்டால், அவருக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, எனக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கீழே கையெழுத்துப் போடுவேன். அடுத்த மாதம் என் ஆபீஸ்காரர்கள் எல்லாம் சாப்பிட உட்கார்ந்திருக்கும் பந்தலில் அவர் உன் கையைப் பிடித்து அழைத்து வருவார். அல்லது மூன்றாவதாக ஒன்று செய்யலாம். உறவு இல்லை என்று எழுதிவிட்டு, மனசாட்சிக்காக அவருக்கு மற்றவர்களைவிடக் குறைத்து மதிப்பெண் போடலாம். இது எனக்குத் தோன்றியபோது நான் பயந்துபோனேன். ஏனென்றால் மூன்றிலும் அதுதான் யாருக்கும் தெரியாமல் போகும்.

தமிழில் ஒருவர் உறவைக் கேட்கும்போது 'அவர் உனக்கு என்ன வேண்டும்' என்கிறோம். அதே வார்த்தையில்தான் கடைக்காரர், உனக்கு என்ன வேண்டும் என்கிறார். இன்று இதை நினைத்துக்கொண்டே துணி மடித்தேன். நீ புது வீட்டுக்குப் போகும்போது உனக்கும் திடீரென்று நிறையப் பேர் என்னென்னவோ வேண்டும் என்று ஆவார்கள். கையெழுத்தோடு வருகிறவர்கள் ஒரு பக்கம், கையெழுத்தே இல்லாமல் கதவைத் தட்டி உட்கார்ந்துகொள்கிறவர்கள் ஒரு பக்கம். யாருக்கு எவ்வளவு என்று நான் சொல்லித் தர முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன், அதுவும் உறுதியாக இல்லை. யாராவது உன்னிடம் இவர் உனக்கு யார் என்று கேட்டால், கேட்கிறவர் யார் என்பதைப் பார்த்துப் பதிலை மாற்றாமல் இருக்க முடிகிறதா என்று பார். எனக்கு முடியவில்லை.

உன் அப்பா ஸ்டாம்ப் ஒட்டப் பசை கேட்கிறார். இதை மூடாமல் வைக்கிறேன். நாளைக்கு என்ன எழுதினேன் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புகிறேன்.

திங்கள், இரவு.

எழுதினேன். 'மற்றவை' என்ற வரியில், மாமாவின் பெயரைப் போட்டு, ஆங்கிலத்தில்: பாய்ஃபோட்டாவால் அண்ணன், என் மகளின் திருமணத்தில் தாய்மாமன். எழுதி முடித்ததும் மடத்தனமாகத் தெரிந்தது. அடிக்கலாமா என்று நினைப்பதற்குள் சுபீர்தா மேஜைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. "தபன் உனக்கு அண்ணனா? எனக்குத் தெரியாதே," என்றார், அவ்வளவுதான்.

மேலதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். என்னை உட்காரச் சொன்னார். சட்டப்படி இதற்கு அவசியம் இல்லை என்றார். நான் விலகினால் கமிட்டியில் இரண்டு பேர்தான், உறைகளைப் பிரிப்பது தள்ளிப் போகும், மழை தள்ளிப் போகாது, திரும்ப எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருக்கட்டும் சார் என்றேன். பெருமூச்சு விட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

மாமாவுக்கு வராந்தாவிலிருந்து போன் செய்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. காண்ட்ராக்டர்கள் எல்லோரையும் தெரிந்த சுபீர்தா சொல்லியிருக்க வேண்டும். என்ன வார்த்தை எழுதினாய் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அவரே ஆபீசுக்கு வந்து, வரிசையில் நின்று, தன் உறையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் என் இடத்தில்தான் இருந்தேன். என்னிடம் வரவில்லை. சற்று நேரத்தில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, இப்போது பிரச்சினையே இல்லை, நீங்கள் கமிட்டியில் இருக்கலாம் என்று சொல்லி, என் படிவத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களுடைய உறைகளை நான்தான் பிரித்தேன். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். வேலை யாருக்குப் போயிற்றோ அவர் ஒழுங்காகத் தூர் வாருவாரா என்று எனக்குத் தெரியாது. அவரை எனக்கு யாரென்றே தெரியாது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது. அண்ணன் என்று நான் எழுதிய காகிதம் என் கைப்பையில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றுவதற்குள் பௌதி போன் செய்தார். ஆட்களில் பாதிப் பேருக்கு இன்று மாலையே டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று சொன்னார். பிறகு, எங்கள் வழக்கத்தில் பெண்ணைக் கொடுக்கிறவர் கல்யாணம் முடியும்வரை எதுவும் சாப்பிட மாட்டார், உங்கள் வழக்கத்தில் தாய்மாமன் உபவாசம் இருக்க வேண்டுமா என்று மாமா கேட்கச் சொன்னதாகச் சொன்னார். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றேன். பௌதி அதை அந்தப் பக்கம் சொல்வது கேட்டது. பின்னாலிருந்து மாமாவின் குரல்.

"அவளைக் கேக்காதே. நான் சாப்பிட மாட்டேன்."

அது கோபமா, உரிமையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பௌதி போனை வைத்துவிட்டார். முகூர்த்தம் முடிகிறவரை தண்ணீராவது குடிப்பாரா என்று கேட்டிருக்க வேண்டும்.

அம்மா